ஆமைக் குஞ்சு பொரிப்பகத்துக்கு நிதி: எப்போது, யாரிடம், எவ்வளவு?

நெய்தல்கரை | 9 ஜூன் 2025, மாலை

எங்க ஊர் கடலூருக்குத் தெற்கே. எட்டுப் பேர் மூணு வருஷமா ராத்திரியில கரையில நடக்கிறோம். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டைய நாய் தோண்டாம பாத்துக்கிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்றோம். வர்ற சீசன்ல அவங்க அனுமதியோட முட்டைய வேலிக்குள்ள குழியில வச்சுப் பொரிக்கவிடுற பொரிப்பகம் ஒண்ணு நாங்களே போடலாம்னு இருக்கோம். கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற சி.எஸ்.ஆர். பணம் கேட்டா கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னார். டிசம்பர்ல கேட்டா போதுமா? எவ்வளவு கேக்கலாம்?

உப்பங்கழி | 9 ஜூன், இரவு

டிசம்பரில் கேட்டால் பணம் கைக்கு வரும்போது கடைசிக் குஞ்சும் கடலுக்குப் போயிருக்கும். இந்த மாதமே தொடங்குங்கள்.

பணத்துக்கு முன்னால் அனுமதி. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது. அதே சட்டத்தில் 'விலங்கு' என்ற சொல்லுக்குள் ஊர்வனவற்றின் முட்டையும் அடக்கம். நல்ல எண்ணத்தோடு ஒரு முட்டையை இடம் மாற்றினாலும் கையில் எழுத்து அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை வனச்சரகரிடம் கொடுங்கள். அது மாவட்ட வன அலுவலர் வழியாகத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்குப் போகும். கடிதம் வர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நிதி கொடுப்பவர் முதலில் கேட்கும் காகிதமும் அதுதான்.

உப்பங்கழி | 11 ஜூன்

யார் பணம் வாங்க முடியும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குழுக்கள் இங்கேதான் ஒரு வருடத்தை இழக்கின்றன.

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2% சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. ஏழாம் அட்டவணையில் சுற்றுச்சூழலும் தாவர, விலங்குப் பாதுகாப்பும் இருப்பதால் ஆமை அதற்குள் வந்துவிடுகிறது. விஷயம் பொருந்துகிறது, ஆனால் வாங்கும் கை பொருந்த வேண்டும். டிரஸ்ட்டாகவோ சங்கமாகவோ பதிவு இருக்க வேண்டும். வருமான வரித்துறையின் 12ஏ (டிரஸ்ட்டுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவு இரண்டும் வேண்டும். அதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். அதற்குமேல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவம் ஆடிட்டர் கையொப்பத்தோடு கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் ஏறியிருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம்.

எட்டுப் பேர் கொண்ட பதிவில்லாக் குழுவுக்கு இதில் எதுவும் இருக்காது. நேற்றுப் பதிவு செய்த டிரஸ்ட்டும் மூன்று ஆண்டு காட்ட முடியாது. ஆகவே, தகுதியுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் குடையின் கீழ் இந்த சீசனை நடத்துங்கள். ஒப்பந்தத்தை இரண்டு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நிர்வாகச் செலவுக்கு அவர்கள் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள், அசல் பில் யாரிடம் இருக்கும், பொருள் வாங்கும் முடிவு யாருடையது, சீசன் முடிந்ததும் வேலி வலை யாருக்குச் சொந்தம். கடைசிக் கேள்வியை யாரும் எழுதிவைப்பதில்லை. அடுத்த டிசம்பரில் சண்டை அதில்தான் வருகிறது.

பக்கத்திலேயே உங்கள் டிரஸ்ட்டையும் பதிவு செய்துவிடுங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு இன்றிலிருந்து ஓடட்டும். இதுவரை நடந்ததற்கு உள்ள வனத்துறைக் கடிதம், இரவு நடைப் பதிவேடு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

உப்பங்கழி | 11 ஜூன், சற்றுப் பிறகு

ஒன்று விட்டுப்போனது. பெரிய பெயருள்ள நிறுவனத்தையே எல்லோரும் துரத்துகிறார்கள். சி.எஸ்.ஆர். கடமை ஆண்டுக்கு 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனத்துக்குத் தனிக் குழு தேவையில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். உங்கள் மாவட்டத்திலேயே ஆலை வைத்திருக்கும் நடுத்தர நிறுவனம்தான் உங்களுக்கு ஏற்றது. உள்ளூருக்கு முன்னுரிமை தரச் சட்டமும் சொல்கிறது. முடிவு சீக்கிரம் வரும், கேட்கும் காகிதமும் குறைவு.

உப்பங்கழி | 20 ஜூன்

"எவ்வளவு கேட்கலாம்" என்று திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள். தொகையிலிருந்து தொடங்காதீர்கள், குழியிலிருந்து தொடங்குங்கள்.

10 மீட்டருக்கு 10 மீட்டர் இடம். குழிக்குக் குழி 1 மீட்டர், வேலியிலிருந்தும் 1 மீட்டர். வரிசைக்கு 9 வீதம் 81 குழி. குழிக்குச் சராசரி 110 முட்டை என்றால் 8,900ஐ ஒட்டி வரும். உங்கள் கரையில் கடந்த மூன்று வருடம் எத்தனை கூடு கண்டீர்கள் என்று பாருங்கள். நாற்பது கூட்டுக்கு மேல் போனதில்லை என்றால் 8க்கு 8 மீட்டரே தாராளம்.

வேலிச் சுற்றளவு 40 மீட்டர். இரண்டு மீட்டருக்கு ஒரு சவுக்குக் கம்பு என்று 20, கதவுக்கு 2, ஆக 22. கம்பு 2.5 மீட்டர் நீளம், அதில் 60 செ.மீ. மணலுக்குள். வலை 2 மீட்டர் அகலம் வாங்குங்கள். ஒன்றரை மீட்டர் மேலே நிற்கும், அரை மீட்டர் மணலுக்குள் இறங்கும். அந்த அரை மீட்டரைப் பணம் மிச்சம் என்று விடுபவர்கள் உண்டு. நாய் வேலியைத் தாண்டாது, அடியில் தோண்டித்தான் வரும். நண்டும் அப்படியே. நீளத்தில் மடிப்புக்குச் சேர்த்து 45 மீட்டர்.

கூடை 40 போதும். குழிக்குழியாக நாள் தள்ளி இட்டவை, எல்லாம் ஒரே வாரத்தில் பொரிப்பதில்லை. 40ஆம் நாளிலிருந்து குழியின் மேல் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். மேலே நிழல் வலை, ஆனால் முழுக்க மூடும் அளவுக்கு வேண்டாம். மணலின் வெப்பம் 29 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பொரிக்கும். ஏறினால் பெண்ணே அதிகம், இறங்கினால் ஆணே அதிகம். வெப்பப் பதிவுக் கருவி 3 எழுதுங்கள்: இரண்டு குழிகளில் முட்டை மட்டத்தில், ஒன்று வெளி மணலில் அதே ஆழத்தில். அடுத்த வருட விண்ணப்பத்தில் காட்ட உங்கள் கையில் எண் இருக்கும்.

மற்றவை சில்லறை: முட்டை எடுக்கத் துணிப்பை, 45 செ.மீ. குறியிட்ட அளவுகோல், சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச், குழிக்குப் பெயர்ப்பலகை, பதிவேடு, கையுறை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கடைக் கொட்டேஷன் வாங்கி இணையுங்கள். காவலாளுக்கு 90 இரவு. தொகை தானாக வந்து நிற்கும், அதைப் பார்த்து நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். ஐந்து லட்சம் கேட்க நினைத்தவர்கள் பாதிகூடத் தேவையில்லை என்று கண்டுகொள்வார்கள்.

உப்பங்கழி | 21 ஜூன்

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம்.

81 குழி என்றேன். நடுவில் ஒரு வரிசையை நடைபாதையாக விட வேண்டும். பொரிப்பு நாளில் இருட்டில் இரண்டு பேர் கூடையோடு நடக்கும்போது குழி மிதிபடும். 72 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவலாள் கணக்கு பெரிய பிழை. ஜனவரி முதல் மார்ச் வரை நடப்பவர்களின் மாதங்களை வைத்து 90 இரவு போட்டுவிட்டேன். மார்ச் 31 இரவில் இட்ட முட்டை பொரிக்க 45இலிருந்து 55 நாள் ஆகும், அது மே கடைசி வாரம் வரை போகும். ஜனவரி 1 முதல் மே 31 வரை 151 இரவு. ஒருவருக்கே 61 இரவு விட்டுப்போகிறது. ஏப்ரலில் கையில் காசு தீர்ந்து, முட்டை இன்னும் மண்ணுக்குள் இருக்க, காவல் இல்லாமல் போவது இந்தக் கணக்கால்தான். ஒருவர் போதாது. உடம்புக்கு முடியாத நாளுக்கு மாற்று ஆளின் பெயரையும் திட்டத்திலேயே எழுதுங்கள். இருவரும் உங்கள் ஊர் மீனவர் குடும்பத்தவராக இருக்கட்டும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்பே பேசி அவர்கள் சொல்லும் ஆளை வைத்தால் வேலி கம்பு ஒன்றுகூடக் காணாமல் போகாது.

உப்பங்கழி | 24 ஜூன்

இரண்டு திருத்தத்தையும் பார்த்த பிறகு இந்த இழையில் சொல்ல வேண்டிய முக்கியமானது என்னவென்று எனக்கே தெளிவாகிறது. பங்குனி மாதத்தின் நடுவில்தான் மார்ச் 31 விழுகிறது. நிதியாண்டு முடியும் நாளில் உங்கள் முட்டையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது.

நிறுவனம் உங்களுக்குப் பணத்தை அனுப்பிவிட்டாலே அது செலவான கணக்கு ஆகாது, நீங்கள் அதைச் செலவழித்திருக்க வேண்டும். அதனால் மார்ச் நெருங்கும்போது "சீக்கிரம் பில் போடுங்கள்" என்ற அழுத்தம் வரும். அந்த அழுத்தத்தில் தேவையில்லாத பொருள் வாங்குவார்கள், ஏப்ரல், மே கூலிக்குப் போலி வவுச்சர் முன்தேதியிட்டு எழுதுவார்கள். இரண்டுமே உங்கள் பெயரைக் கெடுக்கும். வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்புதல் தீர்மானத்தில் இதைத் 'தொடர் திட்டம்' என்று குறிக்கச் சொல்லுங்கள். செலவாகாத தொகையை நிறுவனம் மார்ச் முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டால், அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். இதைக் கேட்க வேண்டிய நேரம் ஜூலை, தீர்மானம் எழுதும் முன். பிப்ரவரியில் கேட்டால் யாரும் திருத்தமாட்டார்கள்.

பிப்ரவரி கடைசியில் "பணம் மிச்சமிருக்கிறது, மார்ச்சுக்குள் ஏதாவது செய்யுங்கள்" என்று அழைப்பு வந்தால் வேலி, டார்ச் மாதிரி அடுத்த சீசனுக்கும் ஆகும் பொருளுக்கு மட்டும் சம்மதியுங்கள். ஒருநாள் கடற்கரை விழா நடத்தித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள், ஒற்றை நாள் நிகழ்ச்சி சி.எஸ்.ஆர். கணக்கிலேயே சேராது.

நெய்தல்கரை | 1 ஜூலை

நாங்க சம்பளம் வாங்குறதில்ல. எங்க உழைப்புக்கு விண்ணப்பத்துல மதிப்பு இருக்கா?

உப்பங்கழி | 2 ஜூலை

இருக்கிறது, இடம் பார்த்து. உலகச் சுற்றுச்சூழல் வசதியின் சிறுமானியத் திட்டம் மாதிரியானவை உங்கள் பங்களிப்பை உழைப்பாகவும் பொருளாகவும் ஏற்கும். சி.எஸ்.ஆரில் உழைப்பைப் பணமாக்கிக் கணக்கில் காட்ட முடியாது. ஆனாலும் எழுதுங்கள், கொடுப்பவருக்குத் தன் ரூபாய் எவ்வளவு உழைப்போடு சேர்கிறது என்று தெரியட்டும்.

கணக்கு இப்படி. இரவுக்கு 5 பேர், 11 மணியிலிருந்து 4 மணி வரை 5 மணி நேரம், 90 இரவு: 2,250 மணி. எட்டு மணி ஒரு நாள் என்றால் 281.25 நாள். தமிழ்நாட்டின் 2025-26ஆம் ஆண்டு நூறுநாள் வேலைக் கூலி 336 ரூபாய். பெருக்கினால் 94,500 ரூபாய். இந்தக் கூலியை வைத்ததற்குக் காரணம், அரசு அறிவித்த எண், யாரும் வாதாட முடியாது. "நிபுணர் சேவை" என்று மணிக்கு ஆயிரம் போட்டால் மொத்த விண்ணப்பத்தையும் சந்தேகிப்பார்கள்.

உப்பங்கழி | 3 ஜூலை

94,500 என்பது திட்ட எண். முடிவறிக்கையில் அதே எண்ணை எழுதக் கூடாது. மழை இரவு, பரீட்சை வாரம், ஆள் குறைந்த நாள் எல்லாம் இருக்கும். பதிவேட்டில் கையெழுத்து உள்ள மணி மட்டுமே கணக்கு. 2,250க்கு 1,730 வந்தால் 1,730 என்றே எழுதுங்கள். உண்மையான எண் உருண்டையாக இருக்காது, அறிக்கை படிப்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

உப்பங்கழி | 19 ஜூலை

விண்ணப்பத்தின் 'இலக்கு' பகுதி பற்றி. "8,000 குஞ்சுகளைக் கடலில் விடுவோம்" என்று எழுதாதீர்கள். எத்தனை ஆமை கரையேறும் என்பது உங்கள் கையில் இல்லை. அதைவிட மோசம், அந்த எண்ணை எட்டுவதற்காக, இருந்த இடத்திலேயே பத்திரமாகப் பொரித்திருக்கக்கூடிய கூட்டையும் தோண்டி எடுக்கத் தோன்றும். அலை எட்டாத, நாய் வராத, விளக்கு இல்லாத இடத்தில் இட்ட கூட்டை அங்கேயே வேலியிட்டுக் காப்பதே மேல். இலக்காக உங்கள் கையில் உள்ளதை எழுதுங்கள்: எத்தனை இரவு நடை, எத்தனை கிலோமீட்டர், கண்ட கூட்டில் எத்தனை பதிவானது, முட்டை இட்ட எத்தனை மணிக்குள் குழிக்கு வந்தது.

நேரம் ஏன் முக்கியம் என்பதையும் அந்தப் பத்தியில் விளக்குங்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறச் சவ்வில் மேல்பக்கமாக ஒட்டத் தொடங்கும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். கூடையை பைக்கில் வைத்துக் குலுக்கிக்கொண்டு வரக் கூடாது என்பதும் இதனால்தான். முட்டைக் குழியின் அடி குடம் மாதிரி அகன்று, கழுத்து குறுகி, 45 செ.மீ. ஆழம். பொரிந்து முடிந்ததும் குழியைத் திறந்து வெற்று ஓடு, பொரிக்காத முட்டை, உள்ளே செத்த குஞ்சு மூன்றையும் தனித்தனியாக எண்ணி எழுதினால்தான் பொரிப்பு விகிதம் என்று ஒன்றைச் சொல்ல முடியும்.

ஒப்பந்தத்தில் நான் கெஞ்சிக் கேட்டாவது சேர்க்கச் சொல்லும் ஒரு வரி: "குஞ்சு மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள், இருட்டிலோ விடியலிலோ விடப்படும்; விருந்தினருக்காகக் காத்திருக்காது." விடியற்காலை 4 மணிக்கு மேலே வந்த குஞ்சைத் தொட்டியில் போட்டு, 9 மணிக்கு வரும் பிரமுகர் கையால் விட வைப்பது இன்னமும் நடக்கிறது. அந்த முதல் மணிகளில் குஞ்சின் உடம்பில் இருக்கும் மஞ்சள்கருச் சக்திதான் அலை தாண்டி ஆழத்துக்குப் போக உதவுகிறது. தொட்டியில் நீந்தி அது தீர்ந்துபோன குஞ்சைப் பட்டப்பகலில் காக்கைக்கும் பருந்துக்கும் நடுவே விடுகிறார்கள். நிதி தந்தவருக்குப் படம் வேண்டும் என்றால் காலியான குழியையும் மணலில் போன தடத்தையும் படமெடுத்துக் கொடுங்கள். அந்தத் தடம் அவ்வளவு அழகு: இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரிச் சின்னச் சின்னக் கோடு, நடுவே வயிறு இழுத்த பள்ளம்.

உப்பங்கழி | 8 ஆகஸ்ட்

வெளிநாட்டு நிதி பற்றிக் கேட்டவருக்கு. அபுதாபியில் உள்ள முகமது பின் சயீத் இனப் பாதுகாப்பு நிதியம் ஒரு திட்டத்துக்கு 25,000 டாலர் வரை தரும். ஒரு குறிப்பிட்ட இனத்தை மையமாக வைத்த திட்டம் வேண்டும். பங்குனி ஆமை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) செம்பட்டியலில் 'அழியும் வாய்ப்புள்ள' இனம் என்பதால் கேட்க இடமுண்டு. ஆனால் இன்னும் அதிக ஆபத்தில் உள்ள இனங்களோடு போட்டி.

கேட்பதற்கு முன் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் 2010 பாருங்கள். பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கிய வரலாறும் அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவழித்த கணக்கும் வேண்டும். இல்லாதவர்கள், கொடுப்பவரின் உறுதிக் கடிதத்தோடு குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி கேட்கலாம். பணம் தில்லி முதன்மைக் கிளை ஸ்டேட் வங்கிக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கியவர் இன்னொருவருக்கு மாற்றவும் கூடாது. ஜூன் 11இல் சொன்ன குடை ஏற்பாட்டில் பணத்தை உங்கள் குழுக் கணக்குக்கு மாற்றும் வழி இங்கே செல்லாது. குடை நிறுவனமே நேரடியாக நடத்த வேண்டும், நீங்கள் தன்னார்வலராகச் சேரலாம். தனிநபர் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன் என்பதை ஆடிட்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

முதல் வருடத்துக்கு இந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

உப்பங்கழி | 30 ஆகஸ்ட்

ஆமையிலிருந்து மீனுக்கு. ஊர்க் குளத்தில் "மீன் பாதுகாப்பு" என்று குஞ்சு வாங்கி விட நிதி கேட்டு ஒரு வரைவு அனுப்பியிருந்தார்கள். பட்டியலில் திலேப்பியா. ஏற்கெனவே விரால், குரவை, கெளுத்தி, கெண்டை இருக்கும் குளத்தில் திலேப்பியா விடுவது பாதுகாப்பு ஆகாது, அவற்றின் இடத்தைப் பிடுங்குவது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000ஆம் ஆண்டிலிருந்தே தடை இருக்கிறது, இன்னும் குளங்களில் கிடைக்கிறது. நிதியை மீன் வாங்கச் செலவழிக்காமல் வரத்து வாய்க்கால் தூரெடுக்கவும், கோடையில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்படி ஆழப்படுத்தவும் கேளுங்கள். நாட்டு மீன் தானாகப் பெருகும். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அது இருக்க வேண்டும், உள்ளூர்ப் பல்லுயிர் நிதிக்கும் அதில் இடமிருக்கிறது.

உப்பங்கழி | 14 செப்டம்பர்

செத்து ஒதுங்கும் ஆமைக் கணக்கையும் உங்கள் திட்டத்தில் சேருங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. எங்கே, எந்த நாளில், எந்த அளவு என்ற பதிவு இல்லாமல், ஆமை சிக்கிச் சாகும் இழுவலை பற்றிப் பேச்சே நகராது. இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு: தையல் நாடா, பெயிண்ட், கையுறை, கைபேசி. ஓட்டின் வளைவோடு நாடா வைத்து நீளம் அளக்க வேண்டும். ஓட்டைத் தாண்டி நீண்ட வால் இருந்தால் ஆண். அளந்த ஓட்டில் பெயிண்ட் கோடு போட்டால் மறுநாள் வருபவர் திரும்ப எண்ணமாட்டார். புதைப்பதை வனத்துறை சொன்ன பிறகு செய்யுங்கள், செத்த உடலும் அரசுச் சொத்து.

உப்பங்கழி | 6 அக்டோபர்

பில்கள். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் டிரஸ்ட்டின் வரிக் கணக்கில் அந்தச் செலவு நிற்காது. காவலாளுக்கு மாதக் கூலியை வங்கி வழியாகவே போடுங்கள். ரொக்க வவுச்சர் 5,000ஐத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். 2,000க்கு மேல் ரொக்கமாக வாங்கிய நன்கொடைக்கு 80ஜி கிடையாது. கொடுத்தவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெப்பத் தாளில் வரும் கடை ரசீது கடலோரப் புழுக்கத்தில் மூன்று மாதத்தில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்து, அசலோடு சேர்த்துப் பின் குத்தி, பின்னால் எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். அரசு மானியம் என்றால் பயன்பாட்டுச் சான்று, அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் கேட்பார்கள், கணக்கில் விழுந்த வட்டியையும் திருப்பிக் கேட்பார்கள். அதற்காகவே தனி வங்கிக் கணக்கு.

நெய்தல்கரை | 15 நவம்பர்

அனுமதிக் கடிதம் வந்துடுச்சு. உள்ளூர் ஆலை ஒண்ணு 'தொடர் திட்டம்'னு தீர்மானத்துலயே எழுதிக் கொடுத்திருக்காங்க. முதல் தவணை வந்தாச்சு. கம்பு நட ஆரம்பிக்கலாமா?

உப்பங்கழி | 18 நவம்பர்

மிகவும் சந்தோஷம். கம்பை வாங்கி வையுங்கள், நட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை கரை நிலையாக இருக்காது. நவம்பரில் மேடாக இருந்த இடம் டிசம்பரில் அரித்துப்போகும், புதிய மேடு நூறு மீட்டர் தள்ளி நிற்கும். டிசம்பர் கடைசி வாரத்தில், பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ மறுநாள், ஏற்றத்தின் அலை கடைசியாகத் தொட்ட குப்பைக் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே, 60 செ.மீ. தோண்டியும் தண்ணீர் ஊறாத இடம்.

கடிதத்தில் இடத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரே புள்ளி குறித்திருந்தால், இரண்டு அடையாளங்களுக்கு நடுவே 200 மீட்டருக்குள் எங்கும் என்று திருத்தித் தரச் சொல்லி வனச்சரகரிடம் இந்த வாரமே மனு கொடுங்கள். ஜனவரி முதல் வாரத்தில் முதல் ஆமை ஏறிவிடும்.